அரசாங்கத்திற்கு அதிகாரம் கொடுத்தது யார்?

நமது பத்திரிகைகளிலும் மேடைகளிலும் "அராஜகம்" என்கின்ற வார்த்தை மிகவும் தாராளமாக உபயோகிக்கப்பட்டு வருகின்றது. கடைத்தெருவில் இரண்டு பேர் அடித்துக் கொண்டாலும் அராஜகம்; கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தாலும் அராஜகம்; மந்திரியைப் பார்த்து ஒருவன் கேள்வி கேட்டாலும் அராஜகம். ஆனால் அந்த வார்த்தையின் நேரான பொருள் "ராஜா இல்லாமை" என்பதேயாகும். ராஜா இல்லாவிட்டால் கொள்ளையும் கொலையுந்தான் நடக்கும் என்று ராஜாக்களும், அவர்களை அண்டிப் பிழைத்த புரோகிதர்களும் வெகு காலமாகச் சொல்லிச் சொல்லி, ராஜா இல்லாமை என்றாலே கொள்ளை என்று அர்த்தமாகும்படி செய்து விட்டார்கள். கடவுளைப் பற்றிக் கேள்வி கேட்டவனை "நாஸ்திகன்" என்று சொல்லி, அந்த வார்த்தைக்கே ஒழுக்கங் கெட்டவன் என்று பொருள் உண்டாக்கியதும் இதே தந்திரந்தான். கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதபோது கேட்டவனுடைய பெயரைக் கெடுத்து விடுவது உலகத்தில் வெகு பழமையான வழக்கமாகும்.

ஆகவே, பெயரைக் கண்டு மிரளாமல், அராஜகர்கள் என்பவர்கள் உண்மையில் சொல்லுவது என்ன, அதில் கொள்ளத்தக்கது எவ்வளவு, தள்ளத்தக்கது எவ்வளவு என்பதை வாசகர்கள் முன் வைத்து ஆராய விரும்புகின்றோம்.

இக்கொள்கை யாரோ ஒரு பைத்தியக்காரன் உளறி வைத்ததல்ல. இங்கிலாந்தில் வில்லியம் காட்வின் என்பவர் 1793-ம் வருஷத்திலேயே அரசாங்கம் என்பது மனிதனுடைய சொந்த அறிவுக்குக் குறுக்கே நிற்கும் ஒரு தீமை என்று பெரிய புத்தகமே எழுதினார். பிரான்சு தேசத்தில் புருதோன் என்பவர் 1840-ல் தம்மைத் தாமே அராஜகன் என்று பகிரங்கமாகச் சொல்லிக் கொண்டார். ருஷியாவில் பிரபு குடும்பங்களில் பிறந்த பக்குனின் (1814-1876), குரோபாட்கின் (1842-1921) என்னும் இருவரும் அதை ஐரோப்பா எங்கும் பரப்பினார்கள். சென்னையில் 1887-ல் பிறந்த எம். பி. டி. ஆச்சாரியாவும் தமது பிற்காலத்தில் பெர்லினிலும் பம்பாயிலும் இருந்து கொண்டு இதே கொள்கையைத்தான் எழுதி வந்தார்.

இக்கூட்டத்தாரில் சிலர் கத்தியும் துப்பாக்கியும் எடுத்தது உண்மையே. பிரெஞ்சுக் குடியரசின் தலைவர் கார்னோ 1894-லும், அமெரிக்கத் தலைவர் மெக்கின்லி 1901-லும் அராஜகர்கள் கையால் கொல்லப்பட்டார்கள். இதை நாம் சிறிதும் ஆதரிக்கவில்லை. என் சம்மதமில்லாமல் என்னை ஆள உனக்கு என்ன அதிகாரம் என்று கேட்கின்றவன், தனக்கு ஒருவரும் அதிகாரம் கொடுக்காமலே இன்னொருவனுக்கு மரணதண்டனை விதித்துத் தானே நிறைவேற்றுவது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? ஆனால் ஒன்று சொல்லத்தான் வேண்டும். 1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்தில், ஒழுங்கான, சட்டப்படி ஏற்பட்ட சர்க்கார்கள் 80 லட்சத்துக்கு மேற்பட்ட சிப்பாய்களைச் சாகக் கொடுத்தன. அதற்காக "அரசாங்கம்" என்கின்ற வார்த்தைக்குக் கொலை என்று இதுவரை யாரும் அகராதியில் அர்த்தம் எழுதவில்லை.

இது நிற்க. அராஜகர்களின் கேள்வி மிகவும் சுருக்கமானது. "நீ எனக்கு உத்தரவு போடுகின்றாய், வரி கேட்கின்றாய், மறுத்தால் ஜெயிலில் அடைக்கின்றாய். இதற்கு உனக்கு அதிகாரம் கொடுத்தது யார்?" என்பதுதான் அது.

இதற்கு முன்காலத்தில் ஒரே பதில்தான் இருந்தது. கடவுள் கொடுத்தார் என்பதே அது. மனுதர்ம சாஸ்திரத்தின் 7-வது அத்தியாயத்தைப் பார்த்தால், இந்திரன், வாயு, யமன், சூரியன், அக்கினி, வருணன், சந்திரன், குபேரன் ஆகிய எட்டுத் தேவர்களின் அம்சங்களைச் சேர்த்து அரசனைச் செய்ததாகவும், அரசன் சின்னக் குழந்தையாக இருந்தாலும் மனிதன்தானே என்று அலட்சியமாக நினைக்கக் கூடாதென்றும் எழுதி வைத்திருப்பதைக் காணலாம். இது நமது நாட்டுப் பித்தலாட்டம் மாத்திரமல்ல. இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் அரசனும் 1610-ல் தன் பார்லிமெண்டு மெம்பர்களைக் கூட்டி வைத்து, அரசர்களைத் தெய்வங்கள் என்று சொல்லுவது பொருத்தமே என்று பிரசங்கம் செய்தான். அவன் மகன் சார்லஸின் தலையை 1649-ல் ஜனங்கள் பார்க்கும்படி வெட்டிக் காட்டியபோது எந்தத் தெய்வமும் வந்து தடுக்கவில்லை.

கடவுள் கொடுத்த அதிகாரம் என்பது இப்படிச் சந்தி சிரித்த பிறகு, வேறு பதில் தேட வேண்டியதாயிற்று. "ஜனங்கள் கொடுத்தார்கள்" என்பதே அந்தப் புதுப் பதில். பழைய பதிலைவிட இது ஆயிரம் மடங்கு மேலானது என்பதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் பகுத்தறிவுக்காரன் பழைய பதிலை எப்படிச் சோதித்தானோ அப்படியே புதுப் பதிலையும் சோதித்தாக வேண்டும். ஜனங்கள் என்றால் யார்? எப்பொழுது கொடுத்தார்கள்? எந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள்?

இந்தச் சோதனையை ஈவிரக்கமில்லாமல் செய்தவர் அமெரிக்காவில் இருந்த லைசாண்டர் ஸ்பூனர் என்கின்ற வக்கீலாவார். 1808-ல் பிறந்து 1887-ல் இறந்தவர். சர்க்கார் தபாலுக்குக் கூலி அநியாயம் என்று கண்டு, 1844-ல் தாமே ஒரு தபால் கம்பெனி வைத்துக் குறைந்த கூலிக்குக் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சர்க்கார் வழக்குமேல் வழக்காகப் போட்டு அதை ஒழித்தது. ஆனால் அடுத்த வருஷமே தன் தபால் கூலியையும் குறைத்துக் கொண்டது. அடிமை முறையின் பரம விரோதியாகிய இவர் 1845-ல் அடிமை முறை அமெரிக்க அரசியல் சட்டத்துக்கே விரோதமானது என்று வாதித்து ஒரு புத்தகம் எழுதினார். பிறகு 1867 முதல் 1870 வரை "ராஜத்துரோகம் இல்லை" என்று பொருள்படும் தலைப்பில் சில துண்டுப் பிரசுரங்கள் வெளியிட்டு, அந்த அரசியல் சட்டத்துக்கே யாரையும் கட்டுப்படுத்தும் யோக்கியதை கிடையாது என்று சொல்லி விட்டார்.

அவர் வாதம் எப்படியென்றால்: இந்தச் சட்டம் ஜனங்கள் தாங்களே ஏற்படுத்திக் கொண்டதாகத் தொடங்குகின்றது. ஆனால் 1787-ல் அதை எழுதக் கூடிய 55 பேரில் கையெழுத்துப் போட்டவர்கள் 39 பேர்தான். அந்த 39 பேரும் செத்து மண்ணாகி விட்டார்கள். ஒருவன் தன்னைக் கட்டுப்படுத்திக் கொள்ளலாமே ஒழிய, பிறக்கப் போகின்ற பேரன்களைக் கட்டுப்படுத்த அவனுக்கு என்ன பாத்தியதை இருக்கின்றது? அதோடு, 1790-ல் எடுத்த ஜனக்கணக்குப்படி அந்நாட்டின் சுமார் 39 லட்சம் ஜனங்களில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் அடிமைகள். பெண்களுக்கு அநேகமாக எங்கும் ஓட்டு இல்லை. சொத்தில்லாதவர்களிலும் பலருக்கு ஓட்டு இல்லை. இவர்களை எல்லாம் கழித்துவிட்டுப் பாக்கி நின்றவர்களுக்குப் பெயர்தான் "ஜனங்கள்".

நமது நாட்டு உதாரணமாகச் சொன்னால் எளிதில் விளங்கும். ஒரு ஏழையின் பாட்டன் மிராசுதாரரிடம் பத்து ரூபாய் வாங்கிக் கொண்டு, நானும் என் சந்ததியாரும் உமக்குப் பண்ணையாளாக இருக்கின்றோம் என்று கைநாட்டு வைத்தான் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்தக் கைநாட்டைக் காட்டிப் பேரனைப் பிடித்து ஏரில் கட்டினால், அதை நியாயம் என்று எந்த மனிதத்தன்மை உள்ளவன் ஒப்புக் கொள்ளுவான்? தனி மனிதன் விஷயத்தில் அக்கிரமமாகத் தோன்றுவது தேசத்தின் பேரால் செய்தால் மாத்திரம் தர்மமாகி விடுமா என்பதே ஸ்பூனருடைய கேள்வி.

ஓட்டுப் போடுகின்றாயே, அது சம்மதமல்லவா என்றால், சண்டைக் களத்தில் பலவந்தமாகக் கொண்டுபோய் நிறுத்தப்பட்டவன் தன் உயிரைக் காப்பாற்றிக் கொள்ளக் கத்தியை வீசுவது சண்டைக்குச் சம்மதித்ததாகாது என்கின்றார். இஷ்டமில்லாவிட்டால் நாட்டை விட்டுப் போயேன் என்பவர்களுக்கு, ஸ்பூனருக்கு நூறு வருஷங்களுக்கு முன்னாலேயே, அதாவது 1748-ல், ஸ்காட்லாந்து தத்துவ ஆசிரியர் டேவிட் ஹியூம் பதில் சொல்லியிருக்கின்றார். தூங்கும்போது தூக்கிக் கொண்டுபோய்க் கப்பலில் போடப்பட்டவனைப் பார்த்து, நீ கப்பலில் இருப்பதால் கப்பல்காரனுக்குச் சம்மதித்து விட்டாய், இல்லாவிட்டால் கடலில் குதித்துச் சாகலாமே என்று சொல்லுவது போன்றது அந்த வாதம் என்பது அவர் கருத்து.

இதற்கெல்லாம் மேலாக ஸ்பூனர் ஒரு ஒப்புமை சொல்லுகின்றார். வழிப்பறிக்காரனும் சர்க்காரும் பணம் அல்லது உயிர் என்றுதான் கேட்கின்றார்கள். ஆனால் வழிப்பறிக்காரன் எவ்வளவோ யோக்கியன். அவன் பணத்தைப் பிடுங்கிக் கொண்டால் போய் விடுகின்றான். உன் நன்மைக்காகத்தான் பிடுங்கினேன் என்று பிரசங்கம் செய்வதில்லை. வழி நெடுகக் கூடவே வந்து, எனக்குக் கும்பிடு போடு, இதைச் செய், அதைச் செய்யாதே என்று தொந்தரவு செய்வதுமில்லை என்பதே அந்த ஒப்புமையின் சாரம்.

தோழர்களே! இதற்கு யாராவது நேரான பதில் சொல்லியிருக்கின்றார்களா என்றால் இல்லையென்றே சொல்லுவோம். பிறந்த குழந்தையின் சம்மதத்தைக் கேட்ட சர்க்கார் உலகத்தில் இதுவரை ஏற்படவில்லை. ஆகவே, ஒரு சட்டம் சட்டமாக இருக்கின்றது என்கின்ற ஒரே காரணத்துக்காக அதற்குக் கீழ்ப்படிவது தர்மம் என்பது, சாஸ்திரத்தில் எழுதியிருக்கின்றது என்பதற்காக அதை நம்புவது போன்ற குருட்டுத்தனமேயாகும்.

அதனால் என்ன கேடு என்பதற்கு ஸ்பூனர் காலத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 1850-ல் அமெரிக்க சர்க்கார், ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க ஒரு சட்டம் செய்தது. அடிமைக்கு இடங்கொடுத்தவனுக்கு 1000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை ஜெயிலும் என்று அதில் எழுதப்பட்டது. விசாரணை செய்யும் கமிஷனருக்குப் பிடிபட்டவனை அடிமை என்று தீர்ப்புச் சொன்னால் 10 டாலர், விடுதலை செய்தால் 5 டாலர் கட்டணம். இதுதான் அந்த நீதியின் லட்சணம்! இந்தச் சட்டப்படி 1854-ல் பாஸ்டன் நகரத்தில் ஆந்தனி பர்ன்ஸ் என்கின்ற வாலிபர் பிடிக்கப்பட்டார். ஊரே திரண்டு எதிர்த்தது. ஆனாலும் சர்க்கார் பட்டாளத்தை நிறுத்தி, தெரு வழியே அவரை நடத்திக் கொண்டுபோய்க் கப்பலேற்றி, விர்ஜீனியாவிலிருந்த எஜமானனிடம் ஒப்புவித்தது. அன்றைய தினம் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்த யோக்கியர்கள் எல்லாம் அடிமைக்காரன் பக்கத்தில் நின்றார்கள். சட்டத்தை மீறிய "குற்றவாளிகள்" மனிதன் பக்கத்தில் நின்றார்கள். 1849-ல் தப்பி வந்த ஹாரியட் டப்மன் என்னும் அம்மையார் மறுபடியும் மறுபடியும் தெற்கே போய், இரவோடிரவாகப் பல பேரைக் கூட்டி வந்தது எந்தச் சர்க்காரின் உத்தரவின் பேரில்? எல்லாச் சர்க்கார் உத்தரவுகளுக்கும் விரோதமாகத்தானே!

இதுவரையில் நாம் அராஜகர்களுடனேயே வந்தோம். இனிமேல்தான் விஷயம் கஷ்டமாகின்றது.

மேலே சொன்ன அதே ஸ்பூனர், 1861 முதல் 1865 வரை வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த யுத்தத்தைக் கண்டித்தார். அடிமை முறையை அவர் வெறுத்தார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், சேர்ந்திருக்க இஷ்டமில்லாத தெற்கத்தியாரைத் துப்பாக்கி முனையில் சேர்த்து வைக்க வடக்கு சர்க்காருக்கு அதிகாரம் ஏது, இந்த யுத்தம் முதலாளிகளின் லாபத்துக்காக நடந்ததே ஒழிய அடிமையின் நன்மைக்காக அல்லவே என்று கேட்டார். சம்மதம் என்கின்ற அளவுகோலை மட்டும் கையில் வைத்துக் கொண்டு பார்த்தால் அவர் சொல்லுவதில் தப்புக் காண முடியாது. ஆனால் சுமார் 40 லட்சம் அடிமைகளின் பக்கத்தில் நின்று பார்த்தால் எப்படியிருக்கின்றது?

அடிமையாகப் பிறந்து 1838-ல் தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் என்கின்ற பேரறிஞர் இதே பிரச்சினையில் வேறு வழி கண்டார். முதலில் அவர் அமெரிக்க அரசியல் சட்டமே அடிமைக்காரர்களின் பத்திரம் என்று தூக்கியெறிந்தவர். ஸ்பூனர் முதலியவர்களின் எழுத்தைப் படித்து, 1851-ல் அந்த அபிப்பிராயத்தை மாற்றிக் கொண்டு, சட்டத்தை அடிமைக்குச் சாதகமான ஆயுதமாகத் திருப்ப முடியும் என்று வாதிக்கத் தொடங்கினார். யுத்தம் வந்தபோது கறுப்பு மக்களைப் பட்டாளத்தில் சேரும்படி அழைத்தார். தன் சொந்தப் பிள்ளைகளையும் சேர்த்தார். சுமார் 1,80,000 கறுப்புச் சிப்பாய்கள் வடக்குச் சைன்யத்தில் சேர்ந்து போரிட்டார்கள். ஆசிரியர் சட்டத்தைக் குப்பைக் கூடையில் போட்டார். அவர் புத்தகத்தைப் படித்தவர் அதையே எடுத்து எஜமானனை அடித்தார்.

அடிமைகளுக்கு விடுதலை என்கின்ற பிரகடனம் 1863 ஜனவரி 1-ந் தேதி அமலுக்கு வந்தது. ஆனால் டெக்ஸாஸ் ராஜ்யத்தில் இருந்தவர்கள் 1865 ஜூன் மாதம் 19-ந் தேதி, சர்க்கார் பட்டாளம் கால்வெஸ்டன் துறைமுகத்தில் வந்து இறங்கி உத்தரவைப் படிக்கும் வரை அடிமைகளாகவே வேலை செய்து கொண்டிருந்தார்கள். காகிதத்தில் இருந்த விடுதலை அவர்களிடம் பட்டாளத்தோடுதான் வந்து சேர்ந்தது.

அந்தப் பட்டாளம் போன பிறகு நடந்ததையும் கவனிக்க வேண்டும். 1868-ல் கறுப்பு மக்களுக்குக் குடியுரிமையும், 1870-ல் ஆண்களுக்கு ஓட்டுரிமையும் அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டன. அந்த 1870-லேயே ஹைரம் ரெவல்ஸ் என்னும் கறுப்பு மனிதர் செனட் சபையில் போய் உட்கார்ந்தார். இதைச் சகிக்காத வெள்ளை ஜாதியார் முகமூடி போட்டுக் கொண்டு இரவில் வந்து அடித்தார்கள், கொளுத்தினார்கள், கொன்றார்கள். 1873-ல் லூயிசியானாவில் கோல்பாக்ஸ் என்கின்ற ஊரில், சரணடைந்த கறுப்பு மனிதர்களைக் கூடப் பிடித்துச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கொலை சம்பந்தமான வழக்கு 1876-ல் மேல் கோர்ட்டுக்குப் போயிற்று. கோர்ட்டார் என்ன சொன்னார்கள் தெரியுமா? அந்தப் புதுச் சட்டம் கட்டுப்படுத்துவது சர்க்காரைத்தான். தனி மனிதர்கள் சேர்ந்து செய்யும் கொடுமையில் மத்திய சர்க்கார் அந்தச் சட்டப்படி தலையிட முடியாது என்று சொல்லிக் குற்றவாளிகளை விட்டு விட்டார்கள். மறு வருஷம், அதாவது 1877-ல், தெற்கில் காவலுக்கு நின்ற மிச்சப் பட்டாளமும் அப்புறப்படுத்தப்பட்டது.

அங்கே அராஜகர்கள் ஆசைப்பட்ட சுதந்திரம் வந்ததா? தோட்ட முதலாளியின் ராஜ்யம் வந்தது. கணக்கு எழுதுகின்றவனும் அவனே, கடன் கொடுக்கின்றவனும் அவனே, கூலி நிர்ணயிக்கின்றவனும் அவனே என்கின்ற நிலைமை வந்தது. மரத்தில் கட்டித் தூக்கும் கூட்டத்தாருக்குச் சர்க்கார் சம்பளம் கொடுக்கவில்லை; சட்டம் அதிகாரம் கொடுக்கவில்லை. ஆனாலும் அந்த ஆட்சிக்குப் பயந்த அளவு ஜனங்கள் எந்த ஜனாதிபதிக்கும் பயப்படவில்லை.

இதற்கு அராஜகர்கள் பதில் வைத்திருக்கின்றார்கள். அடிமை முறையை அத்தனை காலம் சட்டம் போட்டுக் காப்பாற்றியதும் சர்க்கார்தானே. 1877-க்குப் பிறகு தெற்கத்திய வெள்ளையர்கள் அந்தந்த ராஜ்ய சர்க்காரைப் பிடித்துக் கொண்டு, 1890-ல் மிசிசிப்பியில் செய்தது போல் தலைவரி என்றும் படிப்புப் பரீட்சை என்றும் சட்டம் செய்து ஓட்டைப் பறித்தார்களே என்பார்கள். இது முற்றிலும் உண்மை. இதை மறைத்துப் பேசுவது யோக்கியமாகாது. ஆனால் இதிலிருந்து விளங்குவது என்ன? சர்க்கார் என்பது பலம் உள்ளவன் பிடித்துக் கொள்ளும் தடி என்பது விளங்குகின்றது. தடியை ஒடித்துப் போட்டு விட்டால் பலம் உள்ளவன் பலமில்லாதவன் ஆகி விடுவானா என்பதற்குத்தான் பதில் இல்லை. அவனிடம் நிலம் இருக்கின்றது, பணம் இருக்கின்றது, ஜாதிக் கட்டு இருக்கின்றது, அவனுக்கு இன்னொரு தடி வெட்டிக் கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

நமது கிராமத்து வாசகர்களுக்கு இதை விஸ்தரிக்க வேண்டியதில்லை. ஊர்ப் பொதுக் கிணற்றில் இன்னார் தண்ணீர் எடுக்கக் கூடாது, இந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்பவை எந்தக் கலெக்டர் போட்ட உத்தரவு? ஜாதிக்கு ஜெயில் இல்லை, பட்டாளம் இல்லை, கெஜட்டும் இல்லை. ஆனாலும் சர்க்கார் உத்தரவு போய்ச் சேராத சமையலறைக்குள்ளும், கல்யாணப் பந்தலுக்குள்ளும், சுடுகாட்டுக்குள்ளும் அது ஆட்சி செலுத்தி வந்திருக்கின்றது. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று சொன்ன பிறகும், அதைக் காட்டிப் போலீசாரைக் கூப்பிட வேண்டிய ஊர்கள் இருந்து கொண்டேதான் இருக்கின்றன. சர்க்கார் இல்லாத இடத்தில் ஆட்சி இல்லை என்று நினைப்பவர்கள், பெரும்பாலும் அந்த ஆட்சிக்குள் அடிபடாதவர்களாகவே இருப்பார்கள்.

அமெரிக்காவில் 1957-ல் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பார்ப்போம். அர்க்கன்சாஸ் ராஜ்யத்தில் லிட்டில் ராக் என்னும் ஊரில் ஒன்பது கறுப்புப் பிள்ளைகள் வெள்ளைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். ராஜ்ய கவர்னர் சிப்பாய்களை வைத்துத் தடுத்தான். வெளியே கூட்டம் வைது கூச்சலிட்டது. ஜனாதிபதி ஐசன்ஹோவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட மத்திய சர்க்கார் சிப்பாய்களை அனுப்பி, துப்பாக்கிக் காவலோடு அந்தப் பிள்ளைகளை வகுப்புக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தார். பிள்ளைகளைத் தடுத்ததும் சர்க்கார் துப்பாக்கி; அழைத்துப் போனதும் சர்க்கார் துப்பாக்கி. இரண்டும் ஒன்றே என்று சொல்லுவது தத்துவத்துக்கு அழகாக இருக்கலாம். அந்த ஒன்பது பிள்ளைகளைக் கேட்டால் ஒன்றென்று சொல்லுவார்களா?

இதனால் சர்க்காரைக் கும்பிட வேண்டும் என்று நாம் சொல்லுவதாக யாரும் கருதி விடக் கூடாது. நல்ல கூட்டத்தார் கையில் வந்து விட்டால் சர்க்கார் தானே நல்லதாகி விடும் என்பது அதைவிடப் பெரிய மூடநம்பிக்கை. தொழிலாளர் ஆட்சிக்குப் போனால், போனவர்கள் தொழிலாளர்களாக இருக்க மாட்டார்கள், ஆளுகின்ற ஜாதியாகி விடுவார்கள் என்று பக்குனின் 1873-லேயே எச்சரித்தார். ருஷியாவில் 1917-ல் புரட்சி நடந்தது. அந்தப் புரட்சிக்குத் தூணாக நின்ற குரோன்ஷ்டாட் மாலுமிகள் 1921 மார்ச்சு மாதத்தில் சுதந்திரமான தேர்தலும் பேச்சுரிமையும் கேட்டபோது, அந்தப் புரட்சி சர்க்காரே பட்டாளத்தை அனுப்பி அவர்களை அடக்கியது. பக்குனின் சொல் பலித்ததா இல்லையா என்பதை வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

அராஜகர்கள் பக்கமோவென்றால், ஸ்பெயினில் 1936-ல் பார்சிலோனா நகரத்து டிராம் வண்டிகளையும் தொழிற்சாலைகளையும் தொழிலாளிகளே முதலாளி இல்லாமல் நடத்திக் காட்டினார்கள். மேலே ஒருவன் நின்று அதட்டாவிட்டால் காரியம் நடக்காது என்பது பொய் என்பதற்கு அது போதுமான ருசு. ஆனால் எதிரில் பிராங்கோவின் சைன்யம் வந்து நின்றபோது, அதே வருஷம் நவம்பர் மாதத்தில் அராஜகர்களிலேயே நான்கு பேர் மந்திரிகளாகிச் சர்க்காரில் சேர வேண்டியதாயிற்று. அவர்களைத் துரோகிகள் என்று திட்டுவது சுலபம். பலசாலியான எதிரி வாசலில் நிற்கும்போது, அதிகாரமே வேண்டாம் என்கின்ற கொள்கையை மட்டும் கையில் பிடித்துக் கொண்டு நிற்க முடியவில்லை என்பதே அதில் உள்ள பாடம்.

அப்படியானால் முடிவு என்ன? அராஜகர்களின் கேள்வியை நாம் அப்படியே எடுத்துக் கொள்ளுகின்றோம். எல்லா அதிகாரத்தையும் இன்றைக்கே கலைத்து விடு என்னும் அவர்களுடைய பதிலை எடுத்துக் கொள்ளவில்லை. பக்குனினே ஒரு இடத்தில், செருப்பு விஷயத்தில் செருப்புத் தைப்பவன் சொல்லைக் கேட்பேன், ஆனால் அவனையும் என்மேல் சுமத்த விட மாட்டேன், ஒருவனைக் கேட்ட பின் இன்னொருவனையும் கேட்டு, என் அறிவைக் கொண்டு முடிவு செய்வேன் என்னும் கருத்தை எழுதியிருக்கின்றார். சர்க்காரையும் அந்தச் செருப்புத் தைப்பவன் ஸ்தானத்தில் வைப்பதே சரி என்று கருதுகின்றோம். செருப்பு காலைக் கடித்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். சரியாகத் தைக்காவிட்டால் வேறு ஆளிடம் போக வேண்டும். செருப்புக்காகக் காலை வெட்டிக் கொள்ளச் சொன்னால் மறுக்க வேண்டும்.

ஆகவே, எந்தச் சட்டம் வந்தாலும், எந்த அதிகாரி வந்து உத்தரவு போட்டாலும், நமது வாசகர்கள் சில கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். முதலாவது, இதனால் யாருக்கு லாபம்? இரண்டாவது, இதற்குக் காரணம் கேட்க எனக்கு உரிமை உண்டா, கேட்டால் அடி விழுமா? மூன்றாவது, இதைப் போட்டவரை இறக்க எனக்கு வழி உண்டா? நான்காவதும் முக்கியமானதும் என்னவென்றால், ஊரில் எல்லோருக்கும் கீழே இருக்கின்றவன் இதனால் நேற்றைவிட இன்று ஒரு விரற்கடையாவது நிமிர்ந்து நடக்கின்றானா, இன்னும் குனிகின்றானா? நிமிர்ந்தால் அந்தச் சட்டத்துக்கு அன்றைக்கு மட்டும் யோக்கியதை உண்டு. மறுநாள் மறுபடியும் கேட்க வேண்டியதுதான். குனிந்தால், அதில் எத்தனை முத்திரை குத்தியிருந்தாலும், எத்தனை பேர் ஓட்டுப் போட்டிருந்தாலும், அது ஆந்தனி பர்ன்ஸைக் கப்பலேற்றிய சட்டத்தின் ஜாதியைச் சேர்ந்ததேயாகும்.

இதே கேள்விகளைச் சர்க்காரிடம் மாத்திரம் கேட்டுவிட்டு, பண்ணை வாசலிலும், ஜாதிப் பஞ்சாயத்திலும், தன் வீட்டு அடுப்பங்கரையிலும் கேளாமல் இருப்பவன் அராஜகனுமல்ல, பகுத்தறிவுவாதியுமல்ல. சர்க்காரைப் பார்த்து "உனக்கு அதிகாரம் கொடுத்தது யார்?" என்று கேட்கின்ற ஆண்பிள்ளை, சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் தன் மனைவி தன்னைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டால் என்ன பதில் சொல்லுவது என்பதையும் யோசித்து வைத்துக் கொள்ளும்படி கேட்டுக் கொள்ளுகின்றோம்.